ரிலே இழுத்ததும் 100 மில்லிவோல்ட் நகர்வது ஏன்?

உங்கள் சார்ஜரில் எல்எம்393 (இரண்டு வோல்டேஜ்களை ஒப்பிடும் ஐசி), ஷண்டில் (கரண்டை அளக்கும் சிறு ரெசிஸ்டரில்) வரும் வோல்டேஜை 100 மில்லிவோல்ட் அளவோடு ஒப்பிடுகிறது; ரிலே இழுத்ததும் அந்த அளவு நகர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக்காக 5 வோல்ட் லைனை 470 கே, 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்கள் வைத்து நேராகப் பிரிக்காதீர்கள். நடுவில் ஒரு டிஎல்431 (வோல்டேஜை நிலையாக வைக்கும் மூன்று கால் ஐசி) போடுங்கள். ரெஃப் காலைக் கேத்தோடோடு சேர்த்து, 5 வோல்ட்டிலிருந்து 1 கே வழியாகக் கொடுங்கள், அனோடு கிரவுண்டுக்கு. அங்கே 2.495 வோல்ட் நிற்கும். அதை மேலே 24 கே, கீழே 1 கே கொண்டு பிரித்தால் நடுவில் 100 மில்லிவோல்ட்.

ரிலே இழுக்கும்போது 5 வோல்ட் லைன் இறங்குகிறது, கூடவே உங்கள் அளவும் இறங்குகிறது என்றுதான் தோன்றுகிறது. அப்புறம், காசிமேட்டுப் படகு சார்ஜர் என்கிறீர்கள். உப்புக்காற்று படிந்த போர்டில் 470 கே மாதிரி பெரிய ரெசிஸ்டரை நம்பவே முடியாது. ஈரக்கசிவே அளவைக் கெடுத்துவிடும். கழுவிக் காயவைத்து வார்னிஷ் அடித்துவிடுங்கள்.

0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 24 கே-க்குக் கீழே உள்ள அந்த 1 கே-க்கு இணையாக மட்டும் போடுங்கள். டிஎல்431-க்கே இணையாகப் போட்டால் அது ஆசிலேட் ஆகலாம், அதாவது வோல்டேஜ் நிற்காமல் அலையலாம்.

சோதிக்க: ரிலேயை ஆன், ஆஃப் செய்து எல்எம்393-இன் 8, 4 கால்களுக்கு (சப்ளை, கிரவுண்டு) நடுவே அளந்து பாருங்கள். பிறகு மீட்டரின் கறுப்பு முனையை ஷண்டின் கிரவுண்டு முனையிலேயே வைத்து 100 மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். டிஎல்431 போட்ட பிறகும் அது ஆடினால் கிரவுண்டு வயரில்தான் கோளாறு. ரிலேக்குத் தனி வயர் இழுங்கள்.

ஒன்று மட்டும்: எல்எம்393-இன் ஆஃப்செட்டே (ஒப்பிடும்போது அதற்குள்ளேயே வரும் பிழை) 5 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். அதைவிடத் துல்லியம் வேண்டுமென்றால் ஷண்டின் ஓம் மதிப்பைப் பெரிதாக்குங்கள்.