செலவு கழிக்காம பங்கு போடலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் பாம்பன் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில கணக்கு பாக்குறேன். ஜனவரி ஒன்னாந்தேதி டைரியில ‘இந்த வருஷம் 12 கதை’ன்னு எழுதி கையெழுத்தெல்லாம் போட்டேன். ஆறு மாசம் போயிருச்சு, எண்ணிப் பாத்தா முடிச்சது மூனு, பாதியில கெடக்குறது அஞ்சு. ரொம்ப உறுத்துறது என்னன்னா, விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாத மீன்பிடித் தடைக்காலத்துல கம்பெனியில வேலை பேருக்குத்தான், அப்ப ஒரு பக்கம்கூட எழுதல. மூனு கதையும் வேலை நெரிச்ச நாள்ல எழுதுனது. நான் சோம்பேறியா, இல்ல எழுத்தே நமக்கு வராதா? பாதிக்கதை அஞ்சையும் இதோட வச்சிருக்கேன்.
– ஒரு வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, நீங்க கணக்குப்பிள்ளை, அதனால உங்க பாஷையிலயே கேக்குறேன். விசைப்படகு கரைக்கு வந்ததும் மீன் வித்த காசை அப்படியே பங்கு போட்டுருவாங்களா? டீசலைக் கழிப்பாங்க, நீங்க ஏத்திவிட்ட ஐஸைக் கழிப்பாங்க, சாப்பாட்டுச் செலவைக் கழிப்பாங்க, அதுக்குமேல மிச்சம் நின்னாத்தான் பங்கு. இதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்ல. ஆனா டைரியில மட்டும் 12 மாசத்துக்கு 12 கதைன்னு ஒத்தைப் பைசா செலவு கழிக்காம பங்கு போட்டுட்டு இப்ப பங்கு கொறையுதுன்னு பொலம்புறீங்க.

இப்ப கழிச்சுப் பாப்போம். விசைப்போட்டு வாரத்துல மூனு நாள் கடலுக்குப் போகுது, அதுக்கு ஐஸ் ஏத்துற நாள்ல நீங்க எப்ப வீடு திரும்புவீங்கன்னு உங்களுக்கே தெரியாது, அந்த மூனு நாளைத் தள்ளுங்க. ஞாயித்துக்கெழமைன்னா கல்யாணம், காதுகுத்து, சடங்குன்னு ஏதாச்சும் ஒன்னு வந்து நிக்கும், அதையும் தள்ளுங்க. மிச்சம் மூனு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். ஒரு மணி நேரத்துல 200 வார்த்தை ஓடுனா (எனக்கெல்லாம் அதுவே ஜாஸ்தி) வாரத்துக்கு 600. 2000 வார்த்தைக் கதையை மொதத் தடவை எழுதி முடிக்கவே மூனு வாரத்துக்கு மேல ஆகும், அடிச்சுத் திருத்தி மறுபடி எழுத இன்னொரு மூனு வாரம். ஆறரை வாரத்துக்கு ஒரு கதைன்னு வைங்க. தடைக்காலம் போக உங்க கையில இருந்தது 17 வாரம். அதுல ரெண்டரைக் கதைதான் வரணும், உங்களுக்கு மூனு வந்திருக்கு. நீங்க கடன்ல இல்ல தம்பி, கையில மிச்சம் நிக்குது.

சரி, அந்தத் தடைக்காலம் 61 நாளு. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும். முன்ன 45 நாளா இருந்துச்சு, 2017ல 61 ஆக்குனாங்க. வெளியூர்க்காரங்க இதை ஏதோ கோடை லீவு மாதிரி நெனைக்குறாங்க, கரையில ஏத்தி வச்ச போட்டுக்குப் பெயிண்டு வாங்க காசு பொரட்டுறவன்கிட்ட கேட்டாத்தான் தெரியும் அது என்ன லீவுன்னு. போட்டு நின்னா ஐஸும் நிக்கும், ஐஸு நின்னா உங்க சம்பளம் மட்டும் எப்படி முழுசா வரும்? அதுக்கு நடுவுல பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேற தொறந்துருது. கை சும்மா இருந்துச்சு, மனசு எங்க சும்மா இருந்துச்சு? நானும் பட்டவன்தான். மண்டபம் ஊர்ல ஒரு கருவாட்டுக் கமிஷன் கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தப்ப, நாவலை முடிச்சே தீருவேன்னு சம்பளம் இல்லாத லீவு ரெண்டு மாசம் போட்டேன். எழுதுனது மூனு பக்கம். ஆனா வீட்டுப் பரண் அந்த வருஷம் மாதிரி என்னைக்குமே சுத்தமா இருந்ததில்ல. அதனால அடுத்த தடைக்காலத்துக்குப் புதுக்கதைன்னு எதுவும் வச்சுக்காதீங்க, எழுதுனதைத் திருத்துங்க, நல்ல புத்தகமா நாலு வாசிங்க, அது போதும்.

இப்பதான் உண்மையான சங்கதிக்கு வர்றேன். அந்த அஞ்சு பாதிக்கதையையும் ரெண்டு தடவை வாசிச்சேன். ஒன்னுல கடலுக்குப் போனவன் திரும்பல, சேதி சொல்ல வாசல்ல ஆள் வந்து நிக்குறான், உள்ள அம்மா இருக்கா, அதோட பேனா நிக்குது. இன்னொன்னுல மகன் திருப்பூர் வேலையை விட்டுட்டு பையோட வந்து நிக்குறான், அம்மா அடுப்பை ஊதுறா, அதோட முடிஞ்சிருச்சு. கடல்பாசி எடுத்துட்டு ஈரச்சேலையோட கரையேறுற அம்மா, கருவாட்டைப் பெரட்டிப் போடுற அம்மா, பேருந்துக்கு நிக்குற அம்மா, எல்லாரும் வேலை செய்றாங்க, ஒருத்திகூட வாயைத் தொறக்கல. அவங்க பேச வேண்டிய எடம் வந்தா நீங்க நோட்டை மூடிட்டு ஓடிப்போறீங்க. டைம் இல்லாம நின்ன கதைன்னா அஞ்சும் அஞ்சு எடத்துல நிக்கும். அஞ்சும் ஒரே எடத்துல நின்னா அதுக்கு டைம் காரணமில்ல. ‘மூனு முடிஞ்சது, ஒம்பது பாக்கி’ன்னு எண்ணிக்கிட்டே இருந்தா இது கண்ணுல படவே படாது.

டைரியைத் தூக்கி வச்சுட்டு உங்க பற்று வரவு நோட்டு மாதிரி ஒரு சின்ன நோட்டு போடுங்க. தேதி, உக்காந்தது எத்தனை நிமிஷம், எந்த வரியில எந்திரிச்சோம், அவ்வளவுதான், எத்தனை கதைங்குற கட்டமே வேணாம். அப்புறம் ஒரு மாசத்துக்கு கதையை விட்டுட்டு அந்த அஞ்சு அம்மாவும் வாயைத் தொறந்தா மொத வார்த்தை என்னவா இருக்கும்னு மட்டும் எழுதிப் பாருங்க. தப்பா வந்தாலும் பரவால்ல, அனுப்பி வைங்க.

கேள்வி: கீழக்கரையில ஈ-சேவை மையத்துல வேலை பாக்குறேன் அண்ணே, வீட்டுல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எழுதுறது எல்லாம் போன்லதான், வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பி வச்சுக்குவேன், சில நாள் நாலு வரி, சில நாள் ஒரே வரி. இதெல்லாம் எழுதுன கணக்குல வருமா? எங்க ஊர்ப் பேச்சுல எழுதுனா வெளியூர்க்காரங்களுக்குப் புரியுமா?
– ஒரு வாசகி, கீழக்கரை

பதில்: தாராளமா வரும்மா. ஆனா துண்டு துண்டா கெடந்தா எவ்வளவு எழுதிருக்கோம்னு உங்களுக்கே தெரியாது, அதான் மலைப்பா இருக்கு. வாரத்துல ஒருநாள், பிள்ளைங்க தூங்குனப்புறம், அந்த வாரத்து வரியெல்லாம் ஒரே ஃபைல்ல தேதி போட்டு ஒட்டுங்க. அப்படியே மெயிலுக்கும் ஒரு காப்பி அனுப்பிருங்க. நான் போனை நம்பி ரெண்டு அத்தியாயத்தைத் தொலைச்சவன், படகுத்துறையில நின்னு பேசிக்கிட்டே கடல்ல விட்டேன். ஒரு நாளைக்கு 50 வார்த்தைன்னாக்கூட 300 நாளைக்கு 15,000, ஏழு சிறுகதை ஆகுது பாருங்க. வாய்ல சொல்லி டைப் பண்றதுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, நம்ம பேச்சு அதுக்குப் பிடிபடாது, மேலக்காத்தை ‘கச்சான் காத்து’ன்னு சொன்னா ‘கட்சி காத்து’ன்னு போடுது (அதுவும் உண்மைதான்னு வைங்க).

பேச்சைப் பத்தி யோசிக்கவே வேணாம். உம்மா, வாப்பா, ராத்தான்னு வீட்டுல எப்படிப் பேசுறீங்களோ அப்படியே எழுதுங்க, ‘தந்தை, தாய்’னு மாத்துனா அந்த வீட்டு வாசனையே போயிரும். தேங்காப்பட்டணத்துக்காரர் தோப்பில் முகமது மீரான் அவரு ஊர் முஸ்லிம் ஜனங்க பேசுற பேச்சையேதான் எழுதுனாரு. மொத நாவல் புத்தகமா வந்தது 1988ல, 1997ல சாகித்ய அகாதமி விருது. படிச்சவங்க யாரும் புரியலன்னு புத்தகத்தை மூடி வைக்கல.

கேள்வி: பத்திரிகைக்கு அனுப்புன கதைக்கு எட்டு மாசமா பதில் இல்ல. அதைத் தோல்விக் கணக்குல எழுதிரவா?
– ஒரு வாசகர், தொண்டி

பதில்: பதில் வராததுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், பாதி நேரம் அங்க யாரும் பிரிச்சே பாத்திருக்க மாட்டாங்க. அனுப்புன தேதியைக் குறிச்சு வைங்க, மூனு மாசம் தாண்டுனா ‘வேற எடத்துக்கு அனுப்புறேன்’னு ஒரு வரி தகவல் சொல்லிட்டு அடுத்த பத்திரிகைக்கு அனுப்பிருங்க. எட்டு மாசம் காத்தது மட்டும்தான் உங்க தப்பு.

கேள்வி: நான் ராமநாதபுரத்துல மிளகா மண்டியில இருக்கேன். முதலாளியோட தெனம் சண்டை, மண்டையே காயுது. வேலையை விட்டுட்டு முழுநேரமா எழுத உக்காந்துரவா?
– ஒரு வாசகர், ராமநாதபுரம்

பதில்: வேணாம். மேல சொன்ன மீரானுக்குப் பொழப்பே மிளகா வத்தல் வியாபாரம்தான், அதைப் பாத்துக்கிட்டேதான் அம்புட்டும் எழுதுனாரு. நீங்க என்னடான்னா, நம்ம குண்டு மிளகாய்க்கு 2023ல புவிசார் குறியீடு கெடைச்சப்புறமும் மண்டியை விட்டு வெளிய வர்றேங்குறீங்க. அது இருக்கட்டும், ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதிருக்கீங்க, முதலாளியோட என்ன சண்டைன்னு ஒரு வரிகூட இல்லையே. மொதல்ல அதை எழுதி அனுப்புங்க.