குவேக் மேப்பை ட்ரெஞ்ச்புரூமில் திறக்க

நண்பரே, குவேக் கேமின் பாக் கோப்பிலிருந்து (கேமின் கோப்புகளை மூட்டைகட்டி வைத்திருப்பது) எடுத்த இ1எம்1 பிஎஸ்பி (முதல் எபிசோடின் முதல் மேப்), மேப் கட்டும் எடிட்டரான ட்ரெஞ்ச்புரூமில் திறக்கவில்லை என்கிறீர்கள். திறக்காது. அது கம்பைல் ஆன கோப்பு, அதாவது கேமில் ஓடுவதற்காக மாற்றி முடித்தது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்குகிற கதைதான். டீகம்பைல் செய்து திருப்பி எடுத்தாலும் சுவரெல்லாம் துண்டுதுண்டாக வரும்.

எடிட்டருக்கு வேண்டியது மேப் கோப்பு. குவேக்கின் அசல் மேப் கோப்புகளை, அந்த கேமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ 2006-லேயே ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வெளியிட்டுவிட்டார், தேடினால் கிடைக்கும். திறந்ததும் சுவரில் டெக்ஸ்சர் (மேலே ஒட்டும் படம்) தெரியாவிட்டால் பதறாதீர்கள். டெக்ஸ்சர்கள் இருக்கும் வாட் கோப்பு சேரவில்லை, அவ்வளவுதான். எடிட்டரின் ஃபேஸ் பகுதியில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் அசலில் கைவைக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

தேவனாம்பட்டினம் செயின்ட் டேவிட் கோட்டையை மேப்பாகக் கட்டப்போகிறேன் என்றீர்களே, அதற்கு இ1எம்1 எதற்கு? இ1எம்2-வைத் திறங்கள். அதுதான் கோட்டை. கல்சுவரையும் வாசலையும் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு பிரஷ்ஷாக (மேப்பை அடுக்கும் கட்டி) கிளிக் செய்து பாருங்கள்.