பிங் போகிறது, லொகின் ஆகவில்லை: விஎம் கேள்வி பதில்

உறைந்துபோகும் விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பற்றி வந்த கேள்விகளுக்கு இன்று பதில். ஒரே வேண்டுகோள்: உறைந்ததும் ரீசெட் அடிக்காதீர்கள். முதலில் ஹோஸ்ட்டை, அதாவது விஎம்மைச் சுமக்கும் நிஜக் கணினியைப் பாருங்கள்.

அண்ணா, எங்கள் ஒஃபீஸ் கணக்கு விஎம் கிழமையில் இரண்டு இரவு உறைகிறது. பிங் போகிறது, லொகின் ஆகவில்லை. விஎம் ஓட்ட ப்ரொக்ஸ்மொக்ஸ் என்ற மென்பொருள் பாவிக்கிறோம். (வெள்ளவத்தை)

தங்கச்சி, பிங் என்பது 'இருக்கிறாயா' என்று நெட்வேர்க்கில் கேட்பது. அதற்குப் பதில் சொல்லக் கேர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகம் போதும். லொகினுக்கு டிஸ்க் வேண்டும். ஆக மெஷின் சாகவில்லை, டிஸ்க்குக்காகக் காத்து நிற்கிறது. நீங்கள் அனுப்பிய கொன்சோல் படத்திலும் "120 செக்கனுக்கு மேலாக முடங்கியுள்ளது" என்று கேர்னல் வரிவரியாகப் புலம்பியிருக்கிறது. முதல் வரியின் நேரம் 2.07. உங்கள் பக்அப் தொடங்குவது 2 மணிக்கு.

பக்அப் ஓடும்போது, இன்னும் பிரதி எடுக்காத பகுதியில் விஎம் எதையாவது எழுதப் போனால், அங்கிருந்த பழைய தரவு நாஸுக்கு (பக்அப் வைக்கும் நெட்வேர்க் சேமிப்பகம்) போய்ச் சேரும்வரை அப்படி எழுதுவது நிறுத்திவைக்கப்படும். நாஸ் மந்தமென்றால் விஎம்மும் மந்தம். நாஸ் நடுவில் காணாமல் போனால் விஎம் தொங்கும். இதற்காகத்தான் 2024இல் வந்த 8.2 பதிப்பில் ஃப்ளீசிங் சேர்த்தார்கள். பழைய தரவை ஹோஸ்ட்டின் வேகமான டிஸ்க்கில் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு, விஎம்மைத் தன் பாட்டில் போகவிடும். அதைப் போட்டுவிட்டு ஒரு கிழமை பாருங்கள்.

விஎம்முக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம். உள்ளே பாதி டிஸ்க் காலிதான். (தெஹிவளை)

உள்ளே காலி, வெளியே நிரம்பிவிட்டது. தின் பூலை, அதாவது விஎம்களுக்குத் தேவைக்கேற்ப இடம் கொடுக்கும் ஹோஸ்ட்டின் பொதுச் சேமிப்பைப் பாருங்கள், 100 வீதத்தில் நிற்கும். விஎம்முக்குள் அழித்த ஃபைல்களின் இடம், டிஸ்கார்ட் (காலியான இடத்தைத் திருப்பித் தரும் வசதி) போடாவிட்டால் பூலுக்குத் திரும்பாது.

8 மாதத்து ஸ்னப்ஷொட் (விஎம்மின் அந்நேர நிலையின் பதிவு) இருக்கிறது. பக்அப் மாதிரி இருக்கட்டுமே? (மருதானை)

ஸ்னப்ஷொட் பக்அப் அல்ல. டிஸ்க் போனால் விஎம்மும் ஸ்னப்ஷொட்டும் சேர்ந்தே போகும். ஒஃபீஸ் முடிந்த பிறகு அழியுங்கள், கடைசியில் விஎம் சற்று நேரம் உறையலாம், பயப்பட வேண்டாம்.

4 கோர் ஹோஸ்ட்டில் மூன்று விஎம், ஒவ்வொன்றுக்கும் 8 விசிபியு (விஎம்முக்கு ஒதுக்கும் மெய்நிகர் கோர்). ஆனாலும் தொங்குகிறது. (கொட்டாஞ்சேனை)

"ஆனாலும்" இல்லை தம்பி, அதனால்தான். எல்லா விசிபியுவும் அந்த 4 கோருக்காக வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டாகக் குறையுங்கள்.

உள்ளே சிபியு 20 வீதம்தான் காட்டுகிறது அண்ணா. (அதே தம்பி)

வரிசையில் நின்ற நேரம் அந்த 20இல் இல்லை. லினக்ஸ் என்றால் டொப் கட்டளையில் 'எஸ்டி' (st) என்ற எண்ணைப் பாருங்கள். ஹோஸ்ட் உங்களுக்குத் தராமல் மற்றவருக்குக் கொடுத்த நேரம் அது.

ஒரு விஎம்மின் எட்டு விசிபியுவுக்கும் ஒரே நேரத்தில் கோர் கிடைக்க வேண்டும் என்ற சட்டத்தை விஎம்வெயார் (இன்னொரு விஎம் மென்பொருள்) எப்போதோ தளர்த்திவிட்டது. பழைய கதை சொல்கிறீர்கள். (பம்பலப்பிட்டி)

தளர்த்தினார்கள், எடுத்துவிடவில்லை. ஒரு விசிபியு மற்றவற்றை விட அதிகம் முந்தினால் இன்றும் பிடித்து நிறுத்தும், அதைத்தான் கோ-ஸ்டொப் என்று காட்டுகிறது. அந்தச் சட்டமே இல்லையென்று வைத்தாலும், 24 பேருக்கு 4 கதிரை எப்படிப் போதும்?

ஹைப்பர்த்ரெடிங்கோடு (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) 8 கதிரை. (பம்பலப்பிட்டி)

எட்டு வாழையிலை, நாலு கதிரை. ஒருவர் மடியில் ஒருவர் இருந்து சாப்பிடலாம், நானும் சாப்பிட்டிருக்கிறேன். தம்பி, இவரை விடுங்கள், இரண்டாகக் குறைத்துவிட்டு எஸ்டி எண்ணை அனுப்புங்கள்.

பெப்ரவரி 2025இல் பாணந்துறை மின் நிலையத்தில் புகுந்த குரங்கால் நாடே இருண்டதே, அன்றிலிருந்து எல்லா விஎம்மும் மெதுவாகி, இடையிடையே நிற்கிறது. (தெமட்டகொடை)

குரங்கைத் திட்ட முதல் ரெய்ட் கார்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் கார்ட்) பற்றரியைப் பாருங்கள். மின்சாரம் போனாலும் கேஷில் உள்ளதைக் காப்பது அதுதான். அது செத்தால் கார்ட் தன் கேஷில் எழுதுவதை நிறுத்திவிடும், எழுதும் ஒவ்வொன்றும் டிஸ்க்கில் பதியும்வரை காத்து நிற்கும்.

வேர்ச்சுவல்பொக்ஸில் (விஎம் ஓட்டும் மென்பொருள்) பச்சை ஆமைப் படம் தெரிகிறது. (கம்பஸ் மாணவி)

விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி இடையில் நிற்கிறது. அதையும், விண்டோஸ் பாதுகாப்பிலுள்ள மெமரி இன்டெக்ரிட்டியையும் நிறுத்திப் பாருங்கள்.

பிங் போகிறது, லொகின் ஆகவில்லை. (வத்தளை)

மேலே வெள்ளவத்தைக்குச் சொன்னதுதான்.

எனக்கும் அதே பிரச்சினை, இரவில்தான். ரீசெட் அடித்தேன், சரியாகிவிட்டது. இனிப் பயமில்லைதானே? (கொள்ளுப்பிட்டி)

உங்கள் பக்அப் எத்தனை மணிக்கு?