பட்ஜெட் கேமிங் பிசி: ப்ராசசரில் பிடிக்கும் மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்

கேள்வி: கல்லூரி மாணவன் நான். முதன்முறையாக கேமிங் பிசி அசெம்பிள் செய்யப் போகிறேன். வாலரண்ட் அதிகம் விளையாடுவேன். புதிதாக வரும் பெரிய கேம்களையும் விளையாட ஆசை. 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கடையில் தந்த பட்டியல்: ரைசன் 7 5700ஜி, ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் ஒரே ஸ்டிக்காக, ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், கேபினெட்டோடு வரும் 500 வாட் பவர் சப்ளை. பட்ஜெட்டைக் கூட்ட வழியில்லை. இதை வாங்கலாமா?

பதில்: அப்படியே வாங்காதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் பெரிய குறை தெரியாது. சேர்த்து மாட்டினால் ஒன்றின் காலை இன்னொன்று வாருகிறது. அதே பணத்துக்கு இதைவிட நல்ல மெஷின் கிடைக்கும்.

முதல் சிக்கல் கார்டும் ப்ராசசரும் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும், ப்ராசசரோடு பேச அது பயன்படுத்துவது 4 லேன்கள் (டேட்டா போகும் தடங்கள்) மட்டுமே. பிசிஐஇ என்பது கார்டையும் ப்ராசசரையும் இணைக்கும் பாதை. அதில் 4.0 தலைமுறை வேகம் கிடைத்தால் அந்த 4 லேனில் விநாடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி போய்வரும். 5700ஜி-யோ பிசிஐஇ 3.0-ஓடு நின்றுவிடும் ப்ராசசர். ஏ520 போர்டும் அப்படித்தான். ஆக, பாதை பாதியாகி விநாடிக்கு 4 ஜிபி-க்கு வந்துவிடுகிறது. கார்டில் மெமரி இருப்பதே 4 ஜிபி. இன்றைய பெரிய கேம்கள் அதை எளிதில் நிரப்பிவிடும். நிரம்பியதும் மிச்ச டெக்ஸ்சர்கள் (கேம் காட்சிகளின் மேற்பரப்புப் படங்கள்) ரேமில் இருந்து அந்தக் குறுகிய பாதை வழியாகத்தான் வர வேண்டும். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) எண் பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் கேமராவைத் திருப்பும்போதெல்லாம் படம் வெட்டி வெட்டி நகரும். செட்டிங்கைக் குறைத்தால் சமாளிக்கலாம், ஆனால் புது கார்டு வாங்கிய முதல் நாளே அந்த நிலைமை எதற்கு?

அடுத்து 5700ஜி. அதற்குள்ளேயே வேகா கிராபிக்ஸ் இருக்கிறது. தனி கார்டு போடாதவர்களுக்கு அது அருமையான சிப். நீங்கள் தனி கார்டு போடுகிறீர்கள். அப்புறம் உள்ளே சும்மா கிடக்கப்போகும் கிராபிக்ஸுக்கும் எதற்குக் காசு? அதைவிட முக்கியம், இதில் எல்3 கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு மெமரி) 16 எம்பி. ரைசன் 5 5600-இல் அது 32 எம்பி. கேம்களுக்குக் கேஷ் அதிகமாக இருப்பது பெரிய பலம். அதனால்தான் 8 கோர் உள்ள 5700ஜி-யை விட 6 கோர் உள்ள 5600 தனி கார்டோடு விளையாடும்போது முந்துகிறது. வாலரண்ட் ப்ராசசரை நம்பி ஓடும் கேம் என்பதால் உங்களுக்கு இது நேரடியாகவே உதவும். ஒரு எச்சரிக்கை: 5600-க்குப் பதில் 5500 தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எண் பக்கத்தில் இருந்தாலும் அதிலும் 16 எம்பி கேஷ், பிசிஐஇ 3.0. இன்டெல் பக்கம் போனால் ஐ5-12400எஃப் நல்ல மாற்று.

ப்ராசசரில் மிச்சமாவதை கார்டில் போடுங்கள். மானிட்டரைத் தவிர்த்த மொத்தச் செலவில் 40 சதவீதம் வரை கார்டுக்குப் போனாலும் தப்பில்லை என்பேன். குறைந்தது 8 ஜிபி மெமரி வேண்டும். ஆர்எக்ஸ் 6600 இந்தத் தேவைக்குப் பொருத்தமானது: 8 ஜிபி, 8 லேன்கள், 132 வாட். பணம் இடித்தால் ஏ520 போர்டையே வைத்துக்கொள்ளுங்கள். லேனும் மெமரியும் இரட்டிப்பாக இருப்பதால் 3.0 வேகத்தில் இதற்குப் பெரிய இழப்பு இல்லை. முடிந்தால் பி550 போர்டு வாங்குங்கள்.

பழைய கார்டு வாங்குவதும் நல்ல வழிதான். ஆனால் மெஷினில் மாட்டி, கனமான கேம் ஒன்றைக் கால் மணி நேரமாவது உங்கள் கண்ணெதிரே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி, பழைய சிப்பைப் புது மாடல் பெயரில் விற்பவர்கள் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட போலிகளை அடையாளம் காட்டும்.

ரேமை 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல். ப்ராசசருக்கு ரேமில் இருந்து டேட்டா வரும் அளவு பாதியாகிவிடும். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால் ப்ராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4 ஆகியவற்றில் மாட்டுவதுதான் வழக்கம். மேனுவலிலும் ஒருமுறை பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை விட்டுவிட்டு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராக மாட்டும் வகை) ஒன்றே போதும். 100 ஜிபி-யைத் தாண்டும் கேம்கள் வந்துவிட்ட நிலையில் 256 ஜிபி காணாது. வேகமான, விலை கூடிய மாடல் தேவையில்லை.

பவர் சப்ளையில் மட்டும் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு வருவதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். ப்ராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் லைனில் இருந்துதான். அந்தக் கட்டத்தில் 22 ஆம்பியர் என்று இருந்தால் 12-ஆல் பெருக்குங்கள்: 264 வாட். மேலே 500 என்று அச்சடித்திருந்தாலும் உங்களுக்குப் பயன்படுவது அவ்வளவுதான். நான் சொன்ன மெஷின் விளையாடும்போது மொத்தம் 250 முதல் 300 வாட் வரை எடுக்கலாம். 12 வோல்ட் லைனிலேயே 500 வாட்டுக்கு மேல் தரும், பெயர் தெரிந்த கம்பெனியின் 550 வாட் யூனிட் வாங்குங்கள். 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் சரியாக இருக்கிறதா என்பதற்கு அது சான்று இல்லை. மட்டமான யூனிட் புகைந்தால் கார்டையும் போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். கேபினெட்டுக்கு முன்பக்கம் வலை இருந்தால் போதும், விளக்குகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2017-இல் இருந்தே ரைசனோடு வருவது. டிடிஆர்4 ரேமோடு அதன் பாதை முடிந்துவிட்டது. சில மாதம் காத்திருந்து பட்ஜெட்டைக் கூட்ட முடிந்தால் ரைசன் 5 7600, ஏஎம்5 போர்டு, டிடிஆர்5 என்று போகச் சொல்வேன். பின்னாளில் ப்ராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்போதே வேண்டுமென்றால் 5600 உங்கள் மானிட்டருக்குத் தாராளமாகப் போதும்.

எல்லாம் மாட்டிய பிறகு, மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டின் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் அதைவிடக் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 144-க்கு மாற்றிவிட்டு வாலரண்ட்டைத் திறங்கள்.