சிலுவைச் சங்கிலியும் சாதிச் சான்றிதழும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: சட்டமன்றத் தேர்தலில் என்னை நிறுத்துவது பற்றிக் கட்சியில் பேச்சு நடக்கிறது. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன் என்பது ஊருக்கே தெரியும். "கழுத்துச் சிலுவையைக் கழற்றி வை, தேர்தல் முடியும்வரை கோயில் (தேவாலயம்) பக்கம் போகாதே" என்கிறார்கள் உடன் இருப்பவர்கள். என்ன செய்வது?
- வாசகர், நாசரேத்

பதில்: கழற்ற வேண்டாம், போவதை நிறுத்தவும் வேண்டாம். வேட்பாளருக்கு மதம் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்கக்கூடாது என்பதுதான் சட்டம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3) இதை முறைகேடான செயல் என்கிறது. வேட்பாளர் கேட்டாலும், ஏஜென்ட் கேட்டாலும், வேட்பாளர் சம்மதத்தோடு மூன்றாவது ஆள் கேட்டாலும் ஒன்றுதான். வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் இதில் அடங்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. நிரூபணமானால் வெற்றி செல்லாது. அதோடு 6 ஆண்டுகள் வரை தகுதியிழப்பும் வரலாம்.

ஆபத்து கழுத்துச் சங்கிலியில் இல்லை, ஞாயிறு ஆராதனையின் அறிவிப்பு நேரத்தில் இருக்கிறது. ஐயர், அதாவது சபைப் போதகர், பாசமாக, "நம்ம சபைப் பிள்ளை நிற்கிறார், மறந்துடாதீங்க" என்பார். நீங்கள் முன்வரிசையில் கைகூப்பி எழுந்து நிற்பீர்கள். பின்னாலிருந்து ஒரு தம்பி அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவான். கைகூப்பி நின்றதையே உங்கள் சம்மதத்துக்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் வெற்றியை எதிர்த்துத் தேர்தல் மனு போடலாம் என்பதால், எதிராளி அந்த வீடியோவைப் பத்திரமாக வைத்திருப்பார். ஐயருக்கும் தனியாகச் சிக்கல் உண்டு. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1988-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி 5 ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 10,000 வரை அபராதமும் விதிக்கலாம்.

அதனால் வேட்புமனு தாக்கலுக்கு முந்தைய வாரமே ஐயரையும் சபைக் கமிட்டியையும் பார்த்து, என் பெயரை அறிவிப்பில் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜெபிக்க விரும்பினால் தொகுதியில் நிற்கும் எல்லா வேட்பாளர்களுக்காகவும் ஜெபிக்கட்டும். வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காருங்கள். பிட் நோட்டீஸில் சிலுவை, வேத வசனம், கோபுரப் படம் எதுவும் வேண்டாம். கோயில் வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்கவும் வேண்டாம். "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று யாராவது கேட்டால், "ஆமாம்" என்று சொல்லிவிட்டுக் குடிதண்ணீர்ப் பிரச்சினையைப் பேசுங்கள். கழற்றி வைத்த சிலுவைதான் ஊரில் பேச்சாகும்.

கேள்வி: பதவியேற்பிலும் நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யக்கூடாது என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. சட்டம் அதை ஏற்குமா?
- வாசகர், வேலூர்

பதில்: ஏற்கும். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் இரண்டு வழியும் இருக்கிறது: கடவுள் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். தமிழக அமைச்சர்கள் பலர் இரண்டாவதைச் சொல்லிப் பதவியேற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுடைய காரணம் வேறு, வாசகம் ஒன்றுதான். சாட்சிக் கூண்டிலும் 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி இதே உரிமை உண்டு. கூண்டில் ஏறுவதற்கு முன்பே நீதிமன்ற ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டிசம்பரில் எங்கள் சபை வாலிபர் சங்கம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கீத பவனி போகும். சென்ற ஆண்டு ஒரு தெருவில் போலீஸ் வந்து ஆம்ப்ளிஃபயரை எடுத்துப் போனது. "மற்ற விழாக்களுக்கு மைக் போடவில்லையா?" என்று பையன்கள் கொதிக்கிறார்கள்.
- வாலிபர் சங்கச் செயலாளர், திருச்சி

பதில்: கொதிப்பதை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பாருங்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு குறிப்பிட்ட பண்டிகை நாட்களில் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. பகலிலும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். குடியிருப்புப் பகுதியின் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. சாதாரணமாக இருவர் பேசிக்கொண்டாலே 55-ஐத் தொட்டுவிடும். லோடு ஆட்டோவில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எத்தனை டெசிபலைத் தொடும் என்று யோசியுங்கள். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அரசு அறிவிக்கலாம். அங்கே மைக் கூடாது.

மற்றவர்கள் போடுகிறார்களே என்ற வாதம் எடுபடாது. சென்னையில் ஒரு சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: பிறர் நிம்மதியைக் கெடுத்து, ஒலிபெருக்கியும் மேளமும் வைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் கட்டளையிடவில்லை. நாடெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது அந்தத் தீர்ப்புதான்.

பெரும்பாலான பவனிகள் கெடுவது கணக்குப் போடாததால்தான். ஒரு வீட்டுக்கு இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், கேக், காணிக்கை என்று 10 நிமிடம் ஆகிறது. ஒரே இரவில் 40 வீடு என்று பட்டியல் போட்டால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்பும்போது விடிகாலை மூன்று. ஓர் இரவுக்கு 12 வீடு போதும். மாலை 7-க்குக் கிளம்பினால் நடக்கும் நேரத்தோடு 9.45-க்குள் முடித்துவிடலாம். 40 வீட்டுக்கு நான்கு இரவு ஆகும், ஆகட்டுமே. நாள்வாரியாகத் தெருப் பெயர், பொறுப்பாளர் செல்பேசி எண், வண்டி எண் மூன்றையும் எழுதி ஒரு வாரம் முன்பே காவல் நிலையத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். அந்த நகல் பொறுப்பாளரின் சட்டைப் பையில் இருக்கட்டும், சங்க அறைப் பீரோவில் அல்ல. பத்து மணிக்கு மேல் இரண்டு வீடு மிச்சமிருந்தால் ஸ்பீக்கரை அணைத்து, கிட்டாரோடு வீட்டுக்குள் போய்ப் பாடுங்கள். பாட்டும் அப்போதுதான் காதில் விழும்.

கேள்வி: அரசுப் பள்ளி ஆசிரியை நான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வகுப்புக்குப் போகலாமா? மாணவர்களுக்குச் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலாவது சரி, இரண்டாவது கூடாது. திருநீறு, குங்குமம், பர்தா போல நெற்றிச் சாம்பலும் உங்கள் உடம்போடு இருப்பது. கைப்பிரதி அப்படி இல்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அரசு உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளியில்கூட, பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை ஜெபத்தில் கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. மேசையில் பரிசுத்த வேதாகமம் வைத்து இடைவேளையில் வாசிப்பதில் தவறில்லை. மாணவி வந்து கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லலாம், பாடம் நடத்தக்கூடாது. விடுப்பு வேண்டுமென்றால் "சொந்த வேலை" என்று தற்செயல் விடுப்பு எழுதாமல், ஆண்டுக்கு மூன்று நாள் தரப்படும் வரையறுக்கப்பட்ட விடுப்பில் ஒன்றை எடுங்கள். அது இதற்காகத்தான் இருக்கிறது.

கேள்வி: என் சான்றிதழில் "இந்து ஆதிதிராவிடர்". ஞானஸ்நானம் எடுத்து எட்டு ஆண்டாகிறது. வேலைக்கு விண்ணப்பிக்கும்வரை சபையில் என் பெயரை மட்டும் பதிவேட்டில் எழுதாமல் வைத்திருக்கிறார்கள். இது சரியா?
- பெயர் வேண்டாம், விழுப்புரம் மாவட்டம்

பதில்: சரியில்லை. அதைவிட, பாதுகாப்பும் இல்லை. பட்டியல் சாதிகள் ஆணை 1950-இன்படி இந்துக்கள், 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பதே எங்கள் கருத்து. தீண்டாமை தேவாலய வாசலோடு நின்றுவிடவில்லை. தனிக் கல்லறைகள் சாட்சி. ஆனால் போராட வேண்டிய விஷயம் வேறு, படிவத்தில் எழுத வேண்டிய விஷயம் வேறு. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று சொல்லிவிட்டது.

பதிவேட்டில் எழுதாவிட்டால் சாட்சி இல்லை என்று நினைக்காதீர்கள். விசாரணை வந்தால் திருமண அழைப்பிதழ், குடும்பக் கல்லறை, ஃபேஸ்புக்கில் பிள்ளையின் ஞானஸ்நானப் படம் எல்லாம் மேசைக்கு வரும். பணியில் 20 ஆண்டு கழித்தும் சான்றிதழை ரத்து செய்யலாம், வேலையும் அதோடு போகும்.

செய்ய வேண்டியது: இ-சேவை மையத்தில் "கிறிஸ்தவ ஆதிதிராவிடர்" என்று புதிய சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பழைய சான்றிதழ், ஞானஸ்நானச் சான்று, பெற்றோரின் சான்றிதழ் மூன்றையும் இணையுங்கள். நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பிரிவில், அதாவது 26.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வருவீர்கள். 18 சதவீதப் பட்டியல் சாதி இடம் போகும், அது பெரிய இழப்புதான், மறைக்கவில்லை. ஆனால் எல்லாமே போய்விடாது. மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகையும் விடுதியும் தமிழ்நாட்டில் உண்டு. இது தெரியாமலே பலர் பொய் எழுதுகிறார்கள். பழங்குடியினருக்கு இந்த மதக் கட்டுப்பாடே கிடையாது, அவர்கள் எதையும் மறைக்கத் தேவையில்லை.

கேள்வி: இந்துக் குடும்பம் எங்களுடையது. நான் ஞானஸ்நானம் எடுத்ததை வெளியே சொன்னால் அப்பா சொத்தில் பங்கு கிடைக்காது என்கிறார் அண்ணன். உண்மையா?
- வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பங்கு போகாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, பிரிவு 26 தடுப்பது மதம் மாறியவரை அல்ல, மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைகளை. அவர்களும் உங்கள் சொத்துக்கு வாரிசுதான். உங்கள் இந்து உறவினரின் சொத்தில் நேரடியாக வாரிசுரிமை கேட்க முடியாது, அவ்வளவே. அப்பா உயில் எழுதினால் கணக்கு வேறு. அது மதம் மாறாத பிள்ளைக்கும் அப்படித்தான்.

அண்ணனை விடுங்கள். உங்களுக்கு இந்து முறைப்படி திருமணம் ஆகியிருந்தால், இந்து திருமணச் சட்டம் பிரிவு 13-இன்படி கணவரின் மதமாற்றம் மனைவி விவாகரத்துக் கேட்க ஒரு காரணம். ஊருக்குச் சொல்லும் முன் வீட்டில் சொல்லிவிடுங்கள்.