காலனியப் போர்ச் சிற்றுரு அணிகளில் இசைக்காரர் இருக்க வேண்டுமா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் காலனியப் போர்களை மேசைமேல் ஆடுவதற்காக 28 மி.மீ. சிற்றுருக்களை (படைவீரர்களின் சிறு பொம்மைகளை) சேர்த்து வரும் ஒருவர், 20 பேர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் பியூகிள் என்னும் உலோக ஊதுகொம்பை ஊதுபவரையோ டிரம் அடிப்பவரையோ நிறுத்துவது அவசியமா, துப்பாக்கி ஏந்திய வீரர் ஒருவரின் இடம் அதனால் வீணாகிறதா என்று கேட்டிருக்கிறார். நிறுத்த வேண்டும் என்பதே என் பதில். ஆனால் எந்தப் படை, எந்த ஆண்டு, எந்தக் கருவி என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

வெறும் தலைக்கணக்கைப் பார்த்தால் நியாயம் கேள்வி கேட்டவர் பக்கமே இருப்பதாகத் தோன்றும். தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்களோடு 1879-ஆம் ஆண்டில் நடந்த ஜூலுப் போரில் இறங்கிய பிரிட்டிஷ் காலாட்படைக் கம்பெனி (பட்டாளத்தின் ஓர் உட்பிரிவு) ஒன்றில் ஏட்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 100 பேர் இருந்தார்கள். அவர்களுள் டிரம்மர்கள் இருவர். ஒரு சிற்றுருவை ஐந்து வீரர்களுக்குச் சமமாக வைத்தால் அந்த இருவரும் அரைச் சிற்றுருவாகக்கூடத் தேற மாட்டார்கள். இருந்தும் அவர்களுக்கு இடம் தர வேண்டியதன் காரணம், தளர்வான வரிசையில் நீளமாகப் பரவி நின்ற கம்பெனிக்கு அதிகாரியின் குரல் எட்டாது என்பதுதான். மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கி கருமருந்தில் இயங்கியது. சில முறை சுட்டதும் புகை வரிசையை மூடிவிடும், வெடிச்சத்தம் வாய்ச்சொல்லை விழுங்கிவிடும். முன்னேறு, நில், சுடுவதை நிறுத்து, பின்வாங்கு ஆகிய ஆணைகளைக் கடைசி ஆள் வரை கொண்டு சேர்க்க பியூகிள்தான் உதவியது. ஆகவே அந்தச் சிற்றுருவை அலங்காரமாக எண்ணாமல், அதிகாரியின் ஆணை அணி முழுவதற்கும் போய்ச் சேரும் வழியாக எண்ணி, அதிகாரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும்.

பலரும் குழம்புவது கருவியைத் தேர்ந்தெடுப்பதில்தான். பதவியின் பெயர் டிரம்மர் என்பதால் கழுத்தில் டிரம் தொங்கும் சிற்றுருவை வாங்கி, அதைச் சுடும் வரிசையில் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 1870-களுக்குள் போர்க்களத்து ஆணைகளைத் தெரிவிக்கும் பணி பியூகிளுக்கு மாறிவிட்டது. டிரம் முகாமுக்கும் அணிவகுப்புக்கும் நெடும்பயணத்துக்கும் உரியதாக இருந்தது. டிரம்மர்கள் இரண்டையும் இசைக்கப் பயின்றவர்கள். ஆகையால் ஜூலுப் போருக்கும் அதற்குப் பிந்தைய எகிப்து, சூடான் போர்களுக்கும் பியூகிள் சிற்றுருவே பொருத்தமானது. டிரம் சிற்றுரு ஏற்கெனவே கையில் இருந்தால், சாலையில் நடந்து செல்லும் அணி ஒன்றின் முன்னால் அதை நிறுத்தலாம். அங்கே அது அழகாகவும் சரியாகவும் இருக்கும். டிரம்மர்கள் எல்லோரும் சிறுவர்கள் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். 1879 ஜனவரி 22 அன்று ஜூலுக்களிடம் பிரிட்டிஷார் தோற்ற இசாண்டில்வானாவில் மாண்ட சிறுவர்களைப் பற்றிய கதைகள் அந்த எண்ணத்தை ஆழப் பதித்துவிட்டன. சிறுவர்கள் அங்கே இறந்தது உண்மைதான், ஆனால் டிரம்மர்களில் பெரும்பாலோர் வளர்ந்த ஆண்கள்.

வண்ணம் தீட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இந்த ஒரு சிற்றுரு நல்ல விருந்து. 1870-களின் டிரம்மர் உடையில், சிவப்புக் கிரீடங்கள் நெய்த வெள்ளைப் பட்டை நாடா தைக்கப்பட்டிருந்தது. 28 மி.மீ. அளவில் கிரீடத்தை வரைய முயல வேண்டாம். வெள்ளைக் கோட்டின் மேல் சீரான இடைவெளியில் சிவப்புப் புள்ளிகள் வைத்தாலே மேசைத் தொலைவில் கண் அதைக் கிரீடமாகவே ஏற்றுக்கொள்ளும். பியூகிளின் உடலுக்குச் செம்பு நிறமும், விளிம்புக்கும் வாய்ப்பகுதிக்கும் பித்தளை நிறமும் தர வேண்டும். முழுவதையும் ஒரே தங்க நிறத்தில் பூசுவது எளிது, ஆனால் தவறு. இடுப்பில் 1856-ஆம் ஆண்டு வகைக் குட்டை வாளைக் காட்டினால் அவர் சாதாரண வீரர் அல்லர் என்பது தெளிவாகும்.

நான்காம் மைசூர்ப் போர் வரை பின்னோக்கிப் போகிறவர்களுக்கு விதி வேறு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தாக்கிய பிரிட்டிஷ் அரசரின் படைப்பிரிவுகளில் ஒழுங்குமுறைப்படி டிரம்மரின் கோட்டு மற்றவர்களுடையதைப் போல் சிவப்பாக இராது; கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் எந்த நிறம் வருகிறதோ அந்த நிறமே (முகப்பு நிறமே) கோட்டு முழுவதற்கும். 12-ஆம் படைப்பிரிவுக்கு மஞ்சள். முகப்பு நிறமே சிவப்பாக இருந்த 33-ஆம் படைப்பிரிவுக்கு வெள்ளை. அந்தப் போரில் டிரம் உண்மையிலேயே சுடும் வரிசைக்குப் பக்கத்தில் இருந்தது. சென்னைப் படையின் சிப்பாய் அணிகளைச் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1795-இல் கிழக்கிந்தியக் கம்பெனி, தாய் தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைப் படைப் பணியிலிருந்து விலக்கியது. ஃபைஃப் குழல், டிரம், பேண்டு, குதிரை லாடம் ஆகிய வேலைகள் மட்டுமே அவர்களுக்குத் திறந்திருந்தன. ஆகவே சிப்பாய் அணியின் டிரம்மரை ஆங்கிலோ-இந்தியராகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு இசைந்தது. அவமதிப்பான ஓர் ஆணைக்குப் பிறகும் களத்தில் நின்று கடமை செய்த அந்த மனிதர்களுக்கு மேசைமேல் ஓர் இடம் தருவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஸ்காட்லாந்தின் ஹைலேண்டு படைகளில் மட்டும் கையைக் கட்டுப்படுத்திக்கொள்வது நல்லது. பேக்பைப் என்னும் பைக்குழல் வாசிப்பவரின் (பைப்பரின்) சிற்றுரு கண்ணைக் கவர்வதால் அணிக்கு ஒருவர் என்று சேர்த்துவிடத் தோன்றும். 1854-இல் அதிகாரபூர்வமாக அனுமதிக்கப்பட்டதோ, பட்டாளம் ஒன்றுக்குத் தலைமைப் பைப்பர் ஒருவரும் பைப்பர்கள் ஐவரும்தான். எட்டுக் கம்பெனிகளுக்கு ஆறு பேர் என்ற விகிதத்தில், நான்கு அணிகளுக்கு மூவரே போதும். மற்ற அணிக்குப் பியூகிள் இருக்கட்டும். 1897 அக்டோபர் 20 அன்று இந்தியாவின் வடமேற்கு எல்லையில் தர்காய் மலையேற்றத்தில் கால்களில் குண்டு பாய்ந்த பின்னும் உட்கார்ந்தபடியே வாசித்து விக்டோரியா சிலுவை என்னும் வீர விருதைப் பெற்ற கார்டன் ஹைலேண்டர்ஸ் பைப்பர் ஜார்ஜ் ஃபின்ட்லேட்டரை, பாறையில் சாய்ந்திருக்கும் தனிச் சிற்றுருவாகச் செய்வது இதற்குள் அடங்காத தகுதியான விதிவிலக்கு.

1881-க்குப் பிந்தைய படைகளுக்கு இசைக்காரர் இன்னும் தேவைப்படுகிறார். அந்த ஆண்டு ஜனவரி 28 அன்று தென்னாப்பிரிக்காவின் லேங்ஸ் நெக்கில் 58-ஆம் படைப்பிரிவு தன் கொடிகளை ஏந்திச் சென்றதோடு, பிரிட்டிஷ் படைகள் கொடிகளைப் போருக்குள் எடுத்துச் செல்வது முடிந்துபோனது. கொடி இல்லாத சூடான் அணியில் அணியின் நடுவை அடையாளம் காட்ட அதிகாரியும் பியூகிள்காரரும்தான் மிச்சம்.

எதிர்ப் படைகளிலும் இதே கவனம் வேண்டும், ஏனெனில் எல்லாப் படைக்கும் ஒரு டிரம்மர் என்று பொத்தாம் பொதுவாக வைத்தால் அவர்களுடைய வரலாறு அழிந்துவிடும். சூடானில் பிரிட்டிஷாரை எதிர்த்த மஹ்தியின் படைக்கு ஒட்டகத்தின்மேல் ஏற்றிய நஹாஸ் என்னும் செம்பு முரசும், யானைத் தந்தத்தில் செய்த உம்பையா ஊதுகொம்பும் உண்டு. 1874-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் அமோஃபுல் காட்டில் போரிட்ட அசாந்தியரிடம் முரசும் தந்தக் கொம்பும் இருந்தன. ஜூலுக்களுக்கோ போர்முரசே கிடையாது. கேடயத்தைத் தட்டும் ஓசையும் போர்ப்பாட்டுமே அவர்களுடையவை. ஜூலு அணியில் முரசு அடிப்பவரை நிறுத்துவதைவிட, கேடயத்தை உயர்த்தித் தட்டும் நிலையில் நாலைந்து பேரைச் சேர்ப்பது எவ்வளவோ மேல்.

விதிமுறையைப் பொறுத்தவரை, எங்கள் ஆட்டங்களில் பியூகிள்காரரையும் அந்த 20 பேருக்குள்ளேயே எண்ணுகிறோம். அவர் சுடுவதில்லை, கைகலப்பில் மட்டும் சேர்வார். அவர் அதிகாரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்வரை அதிகாரியின் ஆணை 6 அங்குலத்துக்குப் பதில் 12 அங்குலம் எட்டும். அவர் வீழ்ந்தால் பழையபடி 6 அங்குலம். ஜூலுப் போரின் ரோர்க்ஸ் டிரிஃப்ட் சண்டை போன்று மூட்டைகளுக்குப் பின்னால் நெருங்கி நின்று காக்கும் ஆட்டங்களில் குரலே போதும் என்பதால் இந்தச் சலுகை இல்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மர்களிலிருந்து வேறானவர்கள். சண்டையில் அவர்கள் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றார்கள். அவர்களை வாத்தியம் இல்லாமல், தூக்குப்படுக்கை ஏந்திய இருவராகச் செய்து அணிக்குப் பின்னால் வையுங்கள். காயமடைந்த சிற்றுருவை மேசையின் ஓரத்துக்குக் கொண்டுபோகும் வேலையை அவர்களுக்கே கொடுத்துவிடலாம்.