வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்பில் பவர் நிலையைக் குறைத்தால் சத்தம் மட்டும் குறையுமா, தொனியும் மாறுமா?

தொனி நிச்சயம் மாறும். சத்தம்தான் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. 100 வாட்டிலிருந்து 50 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும்; அதற்குப் பவர் பத்தில் ஒரு பங்காக வேண்டும். எனவே பக்கத்து அறைக்குத் தொந்தரவு கூடாது என்பதற்காக 'பாதி பவர்' சுவிட்ச் உள்ள ஆம்ப்பை வாங்காதீர்கள். அதைத் தொனிக்கான சுவிட்சாகவே நான் பார்க்கிறேன்.

பவரை எந்த வழியில் குறைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாற்றமும் வேறுபடும்.

அதிகம் காணப்படுவது பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு), ட்ரையோடு (மூன்று மின்முனை வால்வு) என மாற்றும் சுவிட்ச். வால்வின் உள்ளே இருக்கும் திரைக் கிரிட் என்ற மின்முனையை ஆனோடுடன் (நேர் மின்முனை) இணைத்துவிட்டால் பென்டோடு வால்வு ட்ரையோடு போல வேலை செய்யும். பவர் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கும். பிரிட்ஜ் பிக்கப்பில் (கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள பிக்கப்) மெல்லிய ஈ கம்பியைப் பிக்கால் பலமாகத் தட்டிப் பாருங்கள். பென்டோடில் அந்தத் தட்டு முதலில் பளிச்சென்று தெறிக்கும், ஸ்வரம் அதன் பின்னால் வரும். ட்ரையோடில் அந்த முனை மழுங்கி, இரண்டும் ஒன்றாகவே எழும். டிஸ்டார்ஷனும் படிப்படியாகத்தான் சேரும். தனியாக வாசிக்கும்போது இது சுகமாக இருக்கிறது. டிரம்ஸும் பேஸும் சேர்ந்தால் கிட்டார் உள்ளே அமுங்கிவிடுகிறது.

நான்கு பவர் வால்வுகளில் இரண்டை மட்டும் இயக்கும் முறையில் தொனி அவ்வளவாக மாறுவதில்லை. வால்வுகளை நீங்களே கழற்றுவதானால், புஷ்-புல் அமைப்பின் (வால்வுகள் இரு பக்கமாகப் பிரிந்து மாறி மாறி வேலை செய்யும் அமைப்பு) இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஆம்ப்பின் ஓம் தேர்வு சுவிட்சை 4-க்கு மாற்ற வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் மட்டும் ஒருபோதும் இயக்காதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது வால்வுகளுக்குப் போகும் வோல்டேஜைத் தளர்த்தும் முறை. மெஸா பூகி நிறுவனத்தின் 'ரெக்டிஃபயர்' மாடல் ஆம்ப்புகளில் உள்ள 'ஸ்பாஞ்சி' நிலை இதைத்தான் செய்கிறது. வால்வு ரெக்டிஃபயரும் (மாற்று மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் வால்வு) இதே திசையில்தான் போகிறது: பலமாக வாசித்த நொடியில் மின்னோட்டம் எகிறும், வோல்டேஜ் சற்றுத் தாழும், ஒலி அமுங்கும், பிறகு கம்பி அடங்க அடங்க வோல்டேஜ் மீண்டு ஸ்வரம் மலர்ந்து வரும். புளூஸ் வாசிப்பவர்கள் தேடும் அந்த இழுவை இதுதான். இறுக்கமான மெட்டல் ரிதமுக்கு இது ஆகாது. தாழ்ந்த ஸ்வரங்கள் குழைந்துவிடும்.

ஒப்பிடும்போது இரண்டு நிலைகளையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டு வந்துவிட்டுக் கேளுங்கள். கூடுதல் சத்தம் எப்போதும் நல்ல தொனியாகவே தோன்றும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டியதுபோல, சத்தம் குறையும்போது தாழ்ந்த ஒலிகளை நம் காது சரியாக வாங்குவதில்லை. குறைந்த பவரில் தொனி மெலிந்துவிட்டது என்று சொல்வதில் ஒரு பகுதி காதின் வேலை. பேஸைக் கொஞ்சம் கூட்டினாலே பாதி சரியாகிவிடும்.

சத்தத்தைக் குறைப்பதுதான் உண்மையான தேவை என்றால், ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே அட்டெனுவேட்டர் (ஸ்பீக்கருக்குப் போகும் பவரைக் குறைக்கும் கருவி) வையுங்கள். அதன் ஓம் அளவும் அது தாங்கும் வாட் அளவும் உங்கள் ஆம்ப்புக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.